இழுத்துப் பார்க்கிறவள்

சும்மா இருப்பது என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது. உட்கார்ந்தால் கால் ஆடும். நின்றால் கை எதையாவது தேடும். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் இருபத்தேழு வருஷம் செக்கிங் பிரிவில் இருந்தவள். தைத்து வருகிற ஒவ்வொரு சட்டையின் ஒவ்வொரு பட்டனையும் விரலால் பிடித்து ஒரு இழுப்பு. நின்றால் பாஸ், கையோடு வந்தால் தையல்காரிக்கு அர்ச்சனை. அங்கே அவளுக்குப் பெயரே பட்டனக்கா. ஓய்வு பெற்ற அன்று போட்டிருந்த வெள்ளைக் கோட்டோடு அப்படியே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

வீட்டில் கணவருக்குக் கண் மங்கிக்கொண்டிருந்தது. முப்பது வருஷம் லாரி ஓட்டிய கண். பழையபடி திரும்பாது, பளிச்சென்று வெள்ளையாக இருப்பது மட்டும் இன்னும் கொஞ்ச நாள் தெரியும் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். மனுஷன் புலம்பவில்லை. பின்னறை ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பேசாமல் உட்கார்ந்துவிட்டார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

ஜன்னலுக்கு வெளியே இருந்ததோ, வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவே நாலடி மண். அடுத்த வீட்டு மாடியும் ஒரு பெரிய மரமும் சேர்ந்து வெயிலை அண்டவிடாது. அந்த இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தால் மனுஷன் என்ன ஆவார்? செடிக்கடைக்காரரிடம் போய் நின்றாள். நிழலில் வளர வேண்டும், இலையில் வெள்ளை இருக்க வேண்டும், சீக்கிரம் வளர வேண்டும் என்றாள். அவர் இலைக்கு இலை வெள்ளைக் கரை போட்ட படர்செடி ஒன்றைக் காட்டினார். ஒருமுறை வேர் பிடித்தால் வருஷக்கணக்கில் தரையோடு தரையாகக் கிடக்கும். முழுப்பச்சையாக ஒரு கொடி கிளம்பினால் அதை மட்டும் உடனே பிடுங்கிவிட வேண்டும், விட்டால் வெள்ளையை விழுங்கிவிடும். மற்றபடி மூன்று வாரத்துக்கு அதன்மேல் கையே படக்கூடாது என்று சொல்லி அனுப்பினார். யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது, பாவம்.

நாற்பது கொடித்துண்டு நட்டாள். மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். நாலாம் நாள் காலை, உடுப்பில் மண் ஒட்டாமல் இருக்கக் கோட்டை மாட்டிக்கொண்டு, ஈரம் பார்க்கத்தான் போனாள். கை கேட்கவில்லை. முதல் துண்டைப் பிடித்து ஒரு இழுப்பு. கையோடு வந்தது. அடியில் நூல் மாதிரி ஒரு வேர். திரும்ப ஊன்றினாள். அப்புறம் ஒன்று விடாமல் நாற்பதும். மறுநாளும் அதே. பத்தே நாளில் எல்லாம் வாடிப்போயின.

செடிக்கடைக்காரரிடம் சண்டைபிடித்து வேறு வாங்கி வந்தாள். அதற்கும் அதே கதி. அதற்குள் கணவர் தண்ணீர் டம்ளரைத் தடவித் தேட ஆரம்பித்திருந்தார். நாள் ஓடுகிறது, செடி ஓடவில்லை.

மூன்றாம் தடவை நட்ட மறுநாள் அவள் குனிந்தபோது ஜன்னலிலிருந்து அவர் குரல் கொடுத்தார்.

"தினமும் இழுத்தா எப்படிப் பிடிக்கும்? அது என்ன பட்டனா?"

அவளுக்குச் சுருக்கென்றது. கூடவே சந்தோஷமாகவும் இருந்தது, இவ்வளவு தூரம் தெரிகிறதே என்று. அன்று முதல் இரண்டு கைகளையும் கோட்டுப் பையில் திணித்துக்கொண்டுதான் செடிப் பக்கம் போனாள். அந்த அரிப்பெல்லாம் வீட்டுச் சட்டைகள் மேல் இறங்கியது. ஏழு பட்டன்களைத் திரும்பத் தைக்க வேண்டியதாயிற்று.

மூன்று வாரம் என்ன, மூன்று மாதமும் போயிற்று. செடி பிடித்து, மதிலின் அடிவரை ஓடியது. அந்த இருட்டில் ஓரம் ஓரமாய் வெள்ளை. முழுப்பச்சையாக ஒரே ஒரு கொடி கிளம்பியது. அதைப் பிடுங்கிய அன்று அவளுக்கு இருந்த ஆனந்தம் சொல்லி மாளாது.

கோட்டைத் துவைத்து முன்வாசலில் காயப்போட்ட ஒரு காலை. கருநீல நைட்டியோடு செடிகளுக்கு நடுவே போய் நின்று பெருமையாகக் கேட்டாள்.

"எப்படி வந்திருக்கு பாத்தீங்களா? வெள்ளை நல்லாத் தெரியுதா?"

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"நீ எங்க நிக்கிற?"

அவரே மேலும் சொன்னார்.

"செடி எனக்கு எப்பவுமே தெரிஞ்சதில்ல. உன் கோட்டுதான் தெரியும். நீ குனிஞ்சா இழுக்கிறேன்னு அர்த்தம். இன்னைக்கு அதையும் காணோம். அதுவும் போயிடுச்சோன்னு பயந்துட்டேன்."

முன்வாசலுக்கு ஓடி, கொடிக்கயிற்றில் சொட்டிக்கொண்டிருந்த கோட்டை அவள் உருவினாள். பிழியக்கூட இல்லை, அப்படியே மாட்டிக்கொண்டு ஜன்னலுக்கு நேரே வந்து நின்றாள். தெரிகிறதா என்று கேட்கப் பயமாக இருந்தது.

"ஆங், அங்கதான் இருக்க," என்றார் அவர்.

அவர் நாற்காலியை விட்டு எழுந்து போகும்வரை அவள் அசையாமல் நின்றுகொண்டிருந்தாள்.