பாவம் பார்த்த ஏழு பேர்

கண்டியில் நீதிமன்றத்துக்குப் பக்கத்துப் போட்டோகொப்பிக் கடையில் ஹபீலா பதினொரு வருடமாக வேலை செய்கிறாள். எத்தனையோ பேருடைய வழக்குக் கட்டுகள் அவள் கையால் பிரதியாகிப் போயிருக்கின்றன. ஒன்றையும் அவள் வாசித்ததில்லை. வரி வரியாக வாசித்த முதல் கட்டு, புருஷன் தாஸிமுடையது.

தெல்தெனியச் சந்தையில் ஒரு கும்பல் கடைக்காரர் ஒருவரின் மண்டையை இரும்புக் கம்பியால் உடைத்தது. மரக்கறி இறக்கப் போன தாஸிம் மட்டும் பொலிஸில் அகப்பட்டான். மற்றவர்கள் யாரென்றே தெரியாதாம். நீதிபதி தனியாக விசாரிக்கட்டும் என்றார் சட்டத்தரணி மங்களேஸ்வரி. தமிழ் பேசும் ஜூரிதான் வேண்டும், நம்மட ஆக்கள் ஏழு பேருக்கு நம்மட கதை விளங்கும் என்று பிடிவாதமாக நின்றவள் ஹபீலாதான்.

விளங்கிய லட்சணம் தீர்ப்பில் தெரிந்தது. தாஸிம் அந்தக் கும்பலில் இருந்தான் என்பது முதல் குற்றச்சாட்டு: குற்றவாளி இல்லை. அந்தக் கும்பலில் ஒருவனாக நின்று கொல்லப் பார்த்தான் என்பது இரண்டாவது: குற்றவாளி. எட்டு வருடம்.

தீர்ப்பு வந்த நாலாம் நாள், அந்த ஏழு பேரில் ஒருவர் கடைக்கே வந்து, காணி உறுதியொன்றை நீட்டி இரண்டு பக்கமும் எடுக்கச் சொன்னார். அவளை அடையாளம் கண்டதும் குரலைத் தாழ்த்தினார்.

"கவலப்படாதீங்க மகள். புள்ளகுட்டிக்காரன், பாவமே எண்டுதான் ஒண்டக் குறைச்சோம்."

ஹபீலா முன்பக்கத்தை மட்டும் எடுத்துக் கொடுத்தாள்.

"மற்றப் பக்கம்?"

"பாவமே எண்டு குறைச்சிட்டன். அத வெச்சுக் காணிய வித்துப் பாருங்க."

அன்று பின்னேரம் கொதித்துக்கொண்டே மங்களேஸ்வரியிடம் போனாள். ஜூரி அறைக்குள் பேசியதை நீதிமன்றத்தில் காட்ட முடியாது என்றார் அவர்.

"ஆனா அது தேவையுமில்லை. கும்பலிலயே இல்லாத ஆள் கும்பலோட சேர்ந்து அடிச்சிருக்கேலாது. ஒரு தீர்ப்பை மற்றத் தீர்ப்பே வெட்டுது. அதை வெச்சு மேன்முறையீடு செய்யலாம். பதினாலு நாளுக்குள்ள உங்கட புருஷன்ர கையெழுத்து வேணும்."

திரும்பவும் விசாரணை வைத்தாலும் வைப்பார்கள் என்பதையும் அவர் மறைக்கவில்லை. சிறையில் அதைக் கேட்டதும் தாஸிம், உள்ள தண்டனையும் கூடிவிடுமோ என்று பயந்து, கையெழுத்தே போட மாட்டேன் என்றுவிட்டான். பன்னிரண்டாம் நாளும் ஹபீலா சிறையின் கம்பிவலைக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஒண்டயாவது விட்டாங்களே. அல்ஹம்துலில்லாஹ் எண்டு ஈப்போம்," என்றான் தாஸிம்.

"நீங்க அந்தக் கும்பல்ல நிண்டீங்களா?"

"இல்லையே."

"அதத்தான் அவங்களும் சொல்லீக்கிறாங்க. அப்ப யார்ட கையக் கொண்டு போய் அந்த மனிசன அடிச்சீங்க?"

பக்கத்தில் நின்ற காவலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாஸிம் தலை குனிந்தான். செய்யாத குற்றத்தைச் சுமந்துகொண்டு நன்றியும் சொல்கிறாரே என்று ஹபீலாவுக்கு ஜூரியைவிட அவன்மேல் ஆத்திரம், அதைவிடத் தன்மேல்.

"அந்த ஏழு பேர நம்பச் சொன்னது நான். எட்டு வருஷம் அதப் பாத்துக்கொண்டு ஈக்க எனக்கு ஏலாது. போடுங்க."

காவலர் பத்திரத்தையும் பேனாவையும் உள்ளே கொடுத்தார். தாஸிம் முதலெழுத்தை மட்டும் கிறுக்கிவிட்டு நிமிர்ந்தான்.

"அரைவாசி வேணாம்," என்றாள் ஹபீலா. "முழுப் பேரையும் எழுதுங்க."

எழுதினான்.