பதினொரு பேருக்கும் பொட்டு

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கல்லூரி என்றால் அதன் மதில்சுவர் வரைதான் பழக்கம். ஆனாலும் பழைய கல்லூரிக் கால்பந்து அணிகளின் படங்களைக் கண்டால் விடமாட்டேன். தல்லாகுளத்தில் படங்களுக்கு ஃபிரேம் போடும் கடை வைத்திருப்பதால், வீட்டைக் காலி செய்கிறவர்கள் கொண்டுவந்து தருவார்கள். இதுவரை பத்தொன்பது சேர்ந்திருக்கிறது. பத்தொன்பதையும் கரையான் அரிப்பதாக வாரம் ஒருமுறையாவது கனவு வரும்.

அவற்றில் உசத்தியானது வாடிப்பட்டி பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. வெறுங்காலில், கணுக்காலுக்கு மட்டும் துணி சுற்றிக்கொண்டு பதினொரு பேர். எல்லார் முகத்திலும் கலெக்டர் ஆகப்போகிற களை. ஒருவர் பெயரும் இல்லை. பெயர் தெரியாத ஆட்களைச் சுவரில் மாட்டினால், அழைக்காத வீட்டு விசேஷத்தில் பந்தியில் உட்கார்ந்தது போல எனக்கு உறுத்தும்.

ஆறு மாதம் விசாரித்ததில் ஒருவர் அகப்பட்டார். கொட்டாம்பட்டியில் மகன் வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற வாத்தியார். வயது தொண்ணூறுக்கு மேல். பதினொருவரில் மிச்சம் அவர் மட்டும்தான். அவரும் பெயர்களைச் சொல்லாவிட்டால் இனிக் கேட்க ஆள் இல்லை. ஆயுத பூஜைக்கு மறுநாள் அழைத்துவருவதாக மகன் போனில் சொன்னார்.

அவருக்குப் பளிச்சென்று காட்ட வேண்டுமே என்று ஃபிரேமையும் கண்ணாடியையும் கழற்றி, படத்தை மேசைமேல் வைத்திருந்தேன். பூஜையன்று நான் பொரி வாங்கப் போன நேரத்தில் என் மனைவி சுத்தியல், ரம்பம், பசை டப்பா எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு, படத்திலிருந்த பதினொரு நெற்றிக்கும் வைத்துவிட்டாள்.

“அடியே, ஒருத்தர் உயிரோட இருக்காருடி!”

“நம்ம கடைக்கு வர்ற போட்டோவுல எவன் உயிரோட இருந்திருக்கான்? ஒருத்தர விட்டா மனத்தாங்கலாயிரும்னுதான் அம்புட்டுப் பேருக்கும் வச்சேன்.”

சந்தனம் உதிர்ந்துவிட்டது. குங்குமம் காகிதத்தில் ஊறிப்போயிருந்தது. ஈரத்துணியால் தொட்டால் முகமே கையோடு வந்துவிடும். சரி, அவர் முகத்தை மட்டும் துணிந்து துடைக்கலாமென்றால், பதினொன்றில் அவர் முகம் எது என்று எனக்கு எப்படித் தெரியும்? நாளைக்கு வர வேண்டாமென்று சொல்வதற்காக நாலு தரம் போனை எடுத்தேன். நாளைத் தள்ளிப்போட்டால் அதற்குள் அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று நாலு தரமும் வைத்துவிட்டேன்.

மறுநாள் பெரியவர் வந்தார். படத்தைக் கண்ணருகே பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

“ஏன் தம்பி, நான் எப்பச் செத்தேன்? எங்கிட்ட யாரும் சொல்லலையே?”

“ஐயா, அது வந்து...”

“நான் வேதக்காரன்யா, சர்ச்சுக்குப் போறவன். எனக்குச் செத்தாலும் பொட்டு கிடையாது.”

“அப்பா, கெளம்புவோமா?” என்றார் மகன். ஆறு மாத விசாரிப்பு போயே போயிற்று என்று நினைத்தேன்.

“இருடா. இவனுக்கு வச்சது சரிதான், போயிட்டான்.” படத்தில் ஒரு முகத்தைக் காட்டிப் பெயரைச் சொன்னார். “இவனும் போயிட்டான். இந்தா நிக்கிறான் பாரு, இவனுக்கு உயிரோட இருக்கப்பவே வச்சிருக்கலாம். ஒருநாளாவது பந்த அடுத்தவனுக்குக் குடுத்திருப்பானா!”

நான் பென்சிலைத் தேடி எழுதத் தொடங்கினேன். பத்துப் பெயர் ஆயிற்று. நிமிர்வதற்குள் அவர் விரலை எச்சிலில் நனைத்து வலது ஓரத்து நெற்றியில் தேய்த்தார்.

“ஐயா, வேணாம்யா!”

பொட்டு போய்விட்டது. முகமும்.

“அப்பா, மூஞ்சியே போச்சேப்பா!”

“எங்கடா போச்சு? இங்கதான இருக்கு,” என்று தன் கன்னத்தைத் தட்டிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, “என் பேரையும் எழுதிட்டு, எல்லாத்தையும் சத்தமா வாசி. தப்பிருந்தாத் திருத்தணும்ல?” என்றார்.

எட்டாவதில் வாசிக்கச் சொன்னபோது செய்தது போலவே எழுந்து நின்று வாசித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் பெரியவர் தலையை ஆட்டினார். பதினொன்றாவதை வாசித்ததும் கையைத் தூக்கினார்.

“உள்ளேன் ஐயா.”