பக்கத்துக் கடல் கேட்கவில்லை

ஐப்பசி மாதம், வெள்ளிக்கிழமை. மன்னார் வளைகுடாவுக்குள் புயலாகக்கூடிய தாழமுக்கம் வருகிறது என்ற அறிவித்தல், பொழுது படும் நேரத்தில்தான் எங்கள் மீனவர் சங்கத்துக்குக் கிடைத்தது. கன்னியாகுமரிக்குத் தெற்கே நின்ற, அக்காவின் கணவரான அத்தானின் பலநாள் மீன்பிடிப் படகு, நேரே அந்த வளைகுடாவை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தது. அவரை மறிக்க வேண்டும். மத்தியானம் இதே வானொலியில் அவரோடு கதைத்திருந்தோம். இப்போது வெறும் இரைச்சல்.

சங்கக் காரியதரிசி கூப்பிட்டுக் களைத்தார். அவருடைய கதிரையின் முதுகைப் பிடித்தபடி அக்கா நின்றாள்.

இடையில் ஒரு குரல், அடுத்த அறையில் இருப்பதுபோல், சூரை மீன் விலையைப் பற்றிச் சிரித்துக் கதைத்தது.

"டேய், ஆரடா அது? லைனை விடு! இஞ்ச உயிர் போகுது!" என்று கத்தினார் காரியதரிசி.

"ஏசாதீங்க அண்ணே. நான் மாலைதீவுக்கிட்ட நிக்கிறன். உங்களுக்கு என்ன இடைஞ்சல்?"

"கிட்ட நிக்கிற மனுசன் கேக்கேல்ல, மாலைதீவு கத்துது," என்றாள் அக்கா. "படகு போயிட்டுதோ?"

அவள் கேட்ட பிறகுதான் எப்போதோ வாசித்தது எனக்கு நினைவுக்கு வந்தது. வானத்தில் உயரே, பகலில் வெயில்பட்டுத் தடித்திருக்கும் அயனமண்டலம், நிமிர்ந்து ஏறும் வானொலி அலையையும் கீழே திருப்பிவிடும். பொழுது பட்டால் அது மெலியும். சாய்ந்து போகும் அலை மட்டும் திரும்பி, வெகுதூரத்தில் போய் இறங்கும். இடையில் இருப்பவர்களை அது தாண்டிவிடும். அத்தான் அந்த இடைவெளிக்குள் நிற்கிறார். மாலைதீவுக்காரனுக்கோ அவர் வெகுதூரம்; அவனுடைய அலை அவரிடம் போய் இறங்கும்.

"அவனைத் துரத்தாதேங்கோ," என்றேன். "அவனைக் கொண்டு அத்தானைக் கூப்பிடுங்கோ."

காரியதரிசி தொண்டையைச் செருமினார். "தம்பி, கோபிக்காத. ஒரு உதவி செய்வியோ?"

படகின் பெயரையும் செய்தியையும் சொன்னோம். அவன் கூப்பிட்டான். அவன் பேசியது மட்டும் எங்களுக்குக் கேட்டது.

"ஓ... ஓ... இல்ல, புயல்... தெற்கால திருப்புங்க... அண்ணே, நான் சொல்றதக் கேளுங்க!"

பிறகு நீண்ட இரைச்சல். அக்கா சிலுவைக்குறி போட்டாள்.

"திருப்பிட்டார்," என்றது குரல். "ஆனா சரியான கோபம். பின்னேரம் தொடங்கிக் கூப்பிடுறாராம், ஒருத்தரும் மறுமொழி சொல்லலையாம். எல்லாரும் செத்தா போயிட்டீங்கன்னு கேக்கச் சொன்னார்."

"ஏசட்டும்," என்றபடி அக்கா நிலத்தில் குந்திவிட்டாள். "விடியும்வரைக்கும் ஏசட்டும்."