நுரைத்தால் ஆறும் என்று நம்பினேன்

மரவள்ளி பிடுங்கும்போது என் கணவரின் காலில் மண்வெட்டி பட்டுவிட்டது. மாட்டின் குளம்புப் புண்ணுக்கு வாங்கிய ஹைட்ரஜன் பெராக்சைடு வீட்டில் இருந்தது. தினமும் இருவேளை ஊற்றினேன். பொங்கி நுரைத்தது; கிருமி சாகிறதென்று நிம்மதியடைந்தேன். அவருக்குச் சர்க்கரை வேறு. ஒரு மாதமாகியும் புண் ஆறவில்லை, பெரிதாகிக்கொண்டே போனது. காலையே எடுத்துவிடுவார்களோ என்று அழுதபடி கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

"இன்னாம்மா ஊத்துனீங்க?" என்றார் நர்ஸ். சொன்னேன்.

"தெனமுமா? அது கிருமிய மட்டுமா எரிக்கும்? புதுசா வர்ற சதையையும் சேத்துல்ல எரிக்கும்!"

கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். 'எரியுது, வுடு' என்று அவர் கதறியபோதெல்லாம் காலை அழுத்திப் பிடித்தவள் நான்.

கால் தப்பியது, இரண்டு விரல்கள் போயின. இப்போது நர்ஸ் சொன்ன சலைனால் மட்டுமே கழுவிக் கட்டுகிறேன். எரிகிறது என்று அவர் முனகினால், உடனே கையை எடுத்துவிடுகிறேன்.