வெட்டிவேர் தைலமும் அண்ணி போட்ட எட்டும்

அண்ணி வேலை முடிந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வெட்டிவேர் வாசனை உள்ளே வந்துவிடும்... ஈர மண்ணில் வேரைப் பிடுங்கிய மாதிரி ஒரு வாசனை.

அப்போது நாங்கள் பீர்க்கன்கரணையில் கூட்டுக் குடும்பம். நான் காலேஜில் படித்தேன். அண்ணி ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு பார்லரில் தலை மசாஜ் செய்தார். தேங்காய் எண்ணெயில் சில சொட்டு வெட்டிவேர் தைலம் கலந்து நெற்றிப்பொட்டில் மெதுவாகத் தேய்ப்பார். தூக்கமே வரவில்லை என்று வரும் டீச்சர்கள் நாற்காலியிலேயே குறட்டை விடுவார்கள்.

அப்படிப்பட்டவருக்கு ஸ்கூட்டி லைசென்ஸ் டெஸ்ட் என்றால் பயம். இரண்டு முறை எட்டு போடும்போது காலை ஊன்றி ஃபெயில்.

வண்டி ஓட்டினால் வீடு வீடாகப் போய் மசாஜ் செய்யலாம், சொந்தமாகத் தொழில் தொடங்கலாம் என்று அவருக்கு ஆசை. அண்ணனோ, "உனக்கு வண்டிலாம் செட்டாவாது. பஸ்ஸே போதும்" என்று சொல்லிவிட்டான்.

அண்ணி நேராக ஆர்.டி.ஓ. ஆபீஸ் போனார். மறுபடியும் தேதி வாங்கினார். துணைக்கு நான் போனேன்.

கிரவுண்டில் எங்களுக்கு முன்னால் ஒரு பெண், முகம் வெளுத்து நின்றாள்.

"அக்கா, கை காலெல்லாம் உதறுது... நான் வீட்டுக்கே போயிடுறேன்."

அண்ணி ஹேண்ட்பேக்கிலிருந்து தைல பாட்டிலை எடுத்தார்.

"இங்க உக்காரு. கண்ண மூடிக்கோ. மூச்ச மெதுவா வுடு... இன்னும் மெதுவா."

அவள் நெற்றியில் தேய்த்துக்கொண்டே அண்ணியும் கூடவே மூச்சை இழுத்து விட்டார். அந்தப் பெண் எழுந்து போனாள். எட்டு போட்டாள். பாஸ்.

உடனே அண்ணியைக் கூப்பிட்டார்கள். பயப்பட அவருக்கு நேரமே கிடைக்கவில்லை. கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு ஏறினார்...

ஒரு வளைவு. இன்னொரு வளைவு. கால் தரையைத் தொடவே இல்லை.

"பாஸும்மா" என்றார் இன்ஸ்பெக்டர். நானும் அந்தப் பெண்ணும் கைதட்டியதில் கிரவுண்டே திரும்பிப் பார்த்தது.

மறுநாள் காலை வீட்டு ஸ்கூட்டியில் அண்ணனை ரயில்வே ஸ்டேஷனில் கொண்டுபோய் இறக்கிவிட்டவர் அண்ணிதான். பஸ்ஸே போதும் என்றவன் பின்சீட்டில் உட்கார்ந்து போனான்.

இன்று ஊரப்பாக்கத்தில் அண்ணிக்குச் சொந்த பார்லர். அங்கே வேலை செய்யும் பெண்கள் அத்தனை பேருக்கும் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்திருக்கிறார். லாவெண்டர் எண்ணெய், வாசனை பரப்பும் டிஃப்யூசர், ஏசி எல்லாம் வந்துவிட்டன.

அப்போதெல்லாம் எனக்குத் தலைவலி என்றால் அவர் டிவி பார்க்கும்போது காலடியில் போய் உட்கார்ந்தால் போதும்... கை தானாகத் தலைக்கு வரும். போன வாரம் தலைவலி என்று போன் செய்தேன்.

"ஞாயித்துக்கிழம ஃபுல் புக்கிங்டி. திங்கக்கிழம வர்றியா?"

கொஞ்சம் ஏக்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஆபீஸில் எல்லோரிடமும் சொன்னேன்... எங்க அண்ணிகிட்ட எனக்கே அப்பாயின்ட்மென்ட் கிடைக்கலன்னு.