நிருஷனின் தோணி வவுனிக்குளம் போன நாள்

வீரகத்தி இரணைமடுக் குளத்தில் மீன் பிடித்துப் பிள்ளைகளை வளர்த்தவர். யாழ்ப்பாணத்திலிருந்து வயல் செய்ய வந்து குடியேறிய குடும்பம் அவருடையது. தகப்பனின் வயல் மூத்தவருக்குப் போனது. இளையவரான வீரகத்தி வலையைத் தூக்கிக்கொண்டு குளத்தில் இறங்கினார். நேசமலரைக் கட்டினார், கௌசலாவும் நிருஷனும் பிறந்தார்கள். சண்டைக் காலத்தில் ஊர் ஊராக ஓடி, முகாமில் கிடந்து, திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் அத்திவாரம்கூடத் தெரியவில்லை. குளம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. அவர் மறுபடியும் அதில் இறங்கினார்.

இப்போது அவர் ஒரு நெல் ஆலையில் காவலாளி. நிருஷன் போனதிலிருந்து அவர் குளத்துப் பக்கம் போவதில்லை. ஆலைக்குப் போக அணைக்கட்டு வழி கிட்ட என்றாலும், வயல்களுக்குள்ளால் சுற்றித்தான் சைக்கிள் மிதிப்பார்.

அது ஒரு மார்கழி. குளம் முட்டி, மிகை நீர் வெளியேற வான்கதவுகள் திறந்திருந்த நாட்கள். வீரகத்திக்குக் காய்ச்சல். "நீங்கள் படுங்கோ அப்பா, வலையை நான் எடுத்துக்கொண்டு வாறன்" என்று நிருஷன் தனியாகப் போனான். மத்தியானம் காற்று எழும்பியது. பின்னேரம், குளத்துக்குள் நிற்கும் பட்ட மரங்களுக்கிடையில் தோணி செருகுப்பட்டு நிற்பதைக் கண்டார்கள். அதில் ஒரு கீறல்கூட இல்லை. நிருஷனை மறுநாள்தான் எடுத்தார்கள். ஊர்க்காரர் ஏரம்புவின் உழவு இயந்திரப் பெட்டியில் கிடத்தி வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். அந்த இயந்திரத்தின் சத்தம் வீட்டுக்கு வரும் ஒழுங்கைக்குள் திரும்பியபோதே நேசமலர் முற்றத்தில் விழுந்துவிட்டாள்.

தோணியை வீட்டு வளவின் பின்பக்கத்தில் கவிழ்த்து வைத்தார்கள். நேசமலர் அதன்மேல் தென்னோலைக் கிடுகு போட்டு மூடினாள். ஒவ்வொரு வருடமும் மழைக்கு முன் கிடுகை மாற்றினாள். யார் விலைக்குக் கேட்டாலும் எழும்பிக் குசினி அடுப்படிக்குப் போய்விடுவாள்.

இரஞ்சிதம் காசோடு வரவில்லை. துணுக்காய்ப் பக்கம் வவுனிக்குளத்தில் தொழில் செய்பவள் அவள். புருஷனுக்குச் சிறுநீரக வருத்தம் வந்த பிறகு தோணியைத் தானே எடுத்தவள். போன கார்த்திகை வெள்ளம் அந்தத் தோணியை வான்கட்டில் மோதி இரண்டாகப் பிளந்துவிட்டது. ஆலைக்கு நெல் ஏற்றி வந்த ஒருவர் மூலம் இங்கே ஒரு தோணி சும்மா கிடப்பதைக் கேள்விப்பட்டு பஸ்ஸில் வந்தாள். முற்றத்தில் நின்றபடியே, "அக்கா, தொழில் செய்து மெல்ல மெல்லத் தாறன். இப்ப கையில ஒண்டும் இல்லை" என்றாள்.

நேசமலர் அவளை நெடுநேரம் பார்த்தாள். பிறகு, "காசு வேண்டாம். கொண்டுபோ" என்றாள். அவ்வளவுதான்.

ஏற்றி அனுப்புவதில்தான் சிக்கல் வந்தது. ஏரம்பு தன் உழவு இயந்திரத்தைத் தருகிறேன் என்றார். நேசமலர் மறித்துவிட்டாள். "அந்தச் சத்தம் இன்னொருக்கா இந்த ஒழுங்கைக்குள்ள வரக்கூடாது."

மூத்தவள் கௌசலா கிளிநொச்சியில் ஆசிரியை. பழைய மின்சாரக் கார் ஒன்று வைத்திருந்தாள். "சத்தம் இல்லாத வண்டி என்னட்ட இருக்கு அம்மா" என்றாள். பிறகு தகப்பனைத் தனியாகக் கூப்பிட்டு, "ஆனா அப்பா, முதல்ல தோணியை நிறுத்துப் பாக்கவேணும்" என்றாள்.

"இரண்டு பேர் தூக்கிற சாமான், பிள்ளை. அதுக்கென்ன நிறுவை?"

"கார் உள்ளுக்க நாலைஞ்சு பேரைத் தாங்கும். கூரை தாங்கிறது கொஞ்சம்தான். நாங்கள் பூட்டுற குறுக்குக் கம்பியின்ர பாரத்தையும் அதுக்குள்ளதான் சேர்க்கவேணும். பாரம் மேல கூடினா வளைவில கார் சரியும், பிரேக் போட்டா முன்னுக்குத் தள்ளும்."

ஆலையில் நெல் மூட்டை நிறுக்கும் தராசில் தோணியைத் தூக்கி வைத்தார்கள். நல்ல வேளையாக, அது ஒற்றை ஆள் போகும் சிறிய பைபர் தோணி. ஆனாலும் பாரம் கூடுதலாகத்தான் காட்டியது. தோணி சரியாமல் பக்கத்தில் பூட்டியிருந்த மிதவையைக் கழற்றினார்கள். இரஞ்சிதத்தின் பழைய தோணியின் மிதவை வெள்ளத்தில் தப்பியிருந்தது, அதைப் பூட்டிக்கொள்ளலாம். உள்ளே போட்டிருந்த பலகைகளையும் கழற்றியபோது தராசு ஒருவழியாக இறங்கி வந்தது. குந்தியிருந்து துடுப்புப் போடும் பலகையைக் கழற்றும்போது வீரகத்தியின் கை கொஞ்சம் நின்றது. மகன் குந்திக் குந்தி அந்தப் பலகை ஒரு பக்கம் மழமழவென்று தேய்ந்திருந்தது.

ஆவணி மாதத்துச் சனிக்கிழமை காலை, பக்கத்து வீட்டாரும் கைகொடுக்க, கூரைக்குக் குறுக்கே பூட்டிய இரண்டு கம்பிகளின்மேல் தோணியைக் கவிழ்த்து ஏற்றினார்கள். கம்பிகளில் தடித்த பஞ்சுறை சுற்றியிருந்தது. கௌசலா அகலப் பட்டிகளை மேலால் எறிந்து இறுக்கினாள். வீரகத்தி தோணியின் மூக்கிலிருந்து காரின் முன்வளையத்துக்கும், வாலிலிருந்து பின்வளையத்துக்கும் கயிறு கட்டினார். பின்னால் நீட்டிக்கொண்டு நின்ற முனையில் ஒரு சிவப்புத் துணி தொங்கியது.

இருவரும் ஏறி உட்கார்ந்த பிறகு பின்கதவு திறந்தது. நேசமலர் சேலை மாற்றி, தலை வாரி வந்திருந்தாள்.

"நானும் வாறன்" என்றாள்.

கார் ஒழுங்கையால் வழுக்கிக்கொண்டு போனது. கண்டி வீதியில் ஏறிய பிறகுதான் வீரகத்திக்கு ஒன்று விளங்கியது. வேறு வாகனமாக இருந்தால் எஞ்சின் இரைச்சலில் எல்லாம் அமுங்கிப் போயிருக்கும். இந்தக் காரில் தலைக்கு மேலே தோணி அசைகிற ஒவ்வொரு அசைவும் கேட்டது. பட்டி காற்றில் விம்மியது. வீதிக் கிடங்கில் விழுந்து எழும்பும்போது பைபர் மெதுவாக முனகியது. தண்ணீரில் கேட்டுப் பழகிய முனகல் அது. திரும்பிப் பார்த்தார். நேசமலர் கண்ணை மூடி, முகத்தை மேலே தூக்கிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று வயல்வெளிகளைக் கடந்து பக்கவாட்டில் அடித்தது. பின்னால் வந்த பஸ்கள் ஹோன் அடித்து முந்திப் போயின. கௌசலா வேகம் கூட்டவில்லை. பற்றறி அளவு வழக்கத்தைவிட விரைவாக இறங்குவதை மட்டும் அடிக்கடி பார்த்துக்கொண்டாள்.

"காற்றைப் பிளந்துகொண்டு போறதுக்கே பாதிச் சக்தி போகுது. போய்ச் சேருவம் அப்பா. ஆனா அங்க சார்ஜ் போடாமத் திரும்ப ஏலாது."

முறிகண்டியில் எல்லா வாகனங்களையும் போல அவர்களும் நிறுத்தினார்கள். வீரகத்தி பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்திவிட்டு வந்து கயிறுகளைப் பிடித்துப் பார்த்தார். ஓட ஓட ஒன்று இளகியிருந்தது. அவிழ்த்து மறுபடி இறுக்கினார். கௌசலா பட்டியை ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டினாள். "இனி விம்மாது" என்றாள். கச்சான்கடலை விற்ற பெண் தோணியை அண்ணாந்து பார்த்து, "ஐயா, குளத்துக்கோ கடலுக்கோ?" என்று சிரித்தாள். கௌசலா கதவைத் திறந்து ஏறினாள்.

மாங்குளத்தில் திரும்பி மல்லாவி வீதியில் போகும்போதுதான் அது நடந்தது. மணல் ஏற்றிய லொறி ஒன்று எதிரே விசையாக வந்து கடந்தது. அதன் காற்று காரை உலுக்கியது. தலைக்கு மேல் ஏதோ உரசிய சத்தம். வீரகத்திக்கு அது பட்டும் படாமலும் கேட்டது.

"நிப்பாட்டு பிள்ளை! நிப்பாட்டு!" என்று நேசமலர் கத்தினாள்.

கௌசலா ஓரமாக இறக்கி நிறுத்தினாள். பின்கம்பியின் பஞ்சுறை நழுவி, பட்டி தொய்ந்து போயிருந்தது. தோணியின் வால் வீதிப் பக்கமாக ஒரு சாண் விலகியிருந்தது. மூக்குக் கயிறும் வால் கயிறும் பிடித்திருந்தபடியால்தான் மேலே இருந்தது. பின்னால் ஒரு குடும்பம் மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தது. முன்னால் ஒரு குழந்தை, நடுவில் ஒரு குழந்தை. அவர்கள் காரைக் கடந்து போய் மறைகிற வரைக்கும் கௌசலா அசையாமல் நின்றாள். பிறகு வீதியோரப் புல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

வீரகத்தி பட்டியைப் பிடித்தார். இறுக்க இறுக்க அது பூட்டிலிருந்து வழுகியது. நேசமலர் வந்து இரண்டு கைகளாலும் தோணியின் விளிம்பைப் பிடித்துத் தள்ளி நேராக்கினாள். நிருஷன் போன பிறகு அவள் அதைத் தொட்டது அன்றுதான். கிடுகு மாற்றும்போதுகூடத் தடியால்தான் தள்ளுவாள். பிடித்த கையை அவள் எடுக்கவில்லை.

"இஞ்சாருங்கோ."

"என்ன?"

"அண்டைக்குக் காலமை புட்டும் முட்டைப்பொரியலும் கட்டிக் குடுத்தனான். பார்சல் இதுக்குள்ள இருந்ததோ?"

வீரகத்தி பட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். பட்ட மரங்களுக்கிடையில் தோணியைப் பிடித்தவர் அவர்தான். பலகைக்குக் கீழே பொலித்தீன் பைக்குள் அந்தப் பார்சல் இருந்தது. ஒரு துளி தண்ணீர் படவில்லை. முடிச்சும் அவிழ்க்கப்படவில்லை. அதைக் கையில் பிடித்தபடி காய்ச்சலோடு எவ்வளவு நேரம் நின்றார் என்று அவருக்குத் தெரியாது. பிறகு அதைத் தண்ணீருக்குள் விட்டுவிட்டார். யாருக்கும் சொன்னதில்லை.

"இல்லை" என்றார். "வெறும் இலைதான் கிடந்தது."

"சாப்பிட்டிருந்தவனோ?"

"ஓம். வடிவாச் சாப்பிட்டிருந்தவன்."

"முட்டைப்பொரியலையும்?"

"எல்லாம் முடிச்சுப்போட்டுத்தான் இலையை மடிச்சு வைச்சிருந்தவன்."

நேசமலர் தலையை ஆட்டினாள். தோணியில் நெற்றியை வைத்து, சத்தமே இல்லாமல், தோள்கள் மட்டும் குலுங்க அழுதாள். வீரகத்தி பக்கத்தில் போய் நின்றார். செத்த வீட்டில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று பிரிந்து அழுத பிறகு, அவர்கள் இருவரும் ஒரே இடத்தில் நின்று அழுதது அந்த வீதியோரத்தில்தான்.

பட்டியைக் கடைசியில் கௌசலாதான் இறுக்கினாள். பஞ்சுறை மறுபடி நழுவாமல் அதையும் கம்பியோடு சேர்த்துக் கட்டினாள்.

வவுனிக்குளத்தில் இரஞ்சிதம் வேலிப் படலையடியில் காத்து நின்றாள். புருஷன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கும்பிட்டார். தோணியை இறக்கி, மிதவையையும் காருக்குள் கொண்டுவந்த பலகைகளையும் பூட்டிக் கரையில் விட்டார்கள். கார் வீட்டுக்குள்ளிருந்து இழுத்த மின்சாரத்தில் மெல்ல மெல்லச் சார்ஜ் ஏறியது. பின்னேரம்வரை அவர்கள் இருந்தே ஆகவேண்டும். மத்தியானம் இரஞ்சிதம் சோறு போட்டாள். நேசமலர் பருப்போடு ரெண்டு வாய் சாப்பிட்டுவிட்டு இலையை மூடினாள். குளத்து விரால் குழம்பை அவள் தொடவில்லை.

வெயில் சாயும்போது இரஞ்சிதம் வலையை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனாள். "அண்ணை, இது எந்தப் பக்கம் இழுக்கும்?" என்று கேட்டாள்.

"இடது பக்கம் கொஞ்சம். துடுப்பை வலப்பக்கம் குறைச்சுப் போடு பிள்ளை" என்று கரையில் நின்றே சொன்னார் வீரகத்தி.

அவள் துடுப்பைப் போட்டு வலிக்க, தோணி போய்ச் சின்னதாகத் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் காற்று திரும்பியது. குளம் முழுக்கச் சின்னச் சின்ன அலை எழும்பியது. அந்தப் பருவத்தில் அது வழமைதான். வவுனிக்குளத்துக்காரர் யாரும் அதற்காகக் கரைக்கு வரமாட்டார்கள். ஆனால் நேசமலர் எழுந்து தண்ணீர் ஓரத்துக்கு ஓடினாள்.

"வா! திரும்பி வா பிள்ளை! காத்து எழும்பிட்டுது, வா!"

அவ்வளவு பெரிய குரல் அவளிடம் இருந்தது வீரகத்திக்கே தெரியாது. குளத்தில் நின்ற மற்றத் தோணிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இரஞ்சிதம் வலையைப் பாதியில் விட்டுவிட்டுத் துடுப்பைத் திருப்பினாள். வர வர, அலை பக்கத்தில் அடித்து அவளைக் கரையிலிருந்து விலத்திக்கொண்டு போனது. வீரகத்தி செருப்பைக் கழற்றவில்லை, சாரத்தை மடித்துக் கட்டவில்லை. இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கி நடந்து, மூக்கைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தார்.

நேசமலர் இரஞ்சிதத்தைத் திட்டினாள். கொஞ்சநஞ்சத் திட்டு இல்லை. "வீட்டில வருத்தக்கார மனிசனை வைச்சுக்கொண்டு இந்தக் காத்துக்க போறியே, உனக்கு அறிவிருக்கே?" என்று அழுதழுது திட்டினாள். முன்பின் அதிகம் பழகாத அந்தப் பெண் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. நனைந்த கையால் நேசமலரின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஓம் அக்கா, ஓம் அக்கா" என்று மட்டும் சொன்னாள்.

புறப்படும்போது நேசமலர் அவளிடம் ஒன்று கேட்டு வாங்கினாள். ஒவ்வொரு நாளும் கரை ஏறினதும் ஒரு தொலைபேசி அழைப்பு.

இரஞ்சிதம் சொன்ன சொல் தவறவில்லை. "கரைக்கு வந்திட்டன் அக்கா" என்பாள். "சரி" என்று நேசமலர் வைத்துவிடுவாள். வேறு கதை கிடையாது. அந்த அழைப்பு வரும்வரை அவள் அடுப்பு மூட்டுவதில்லை. வீரகத்தி ஆலையிலிருந்து வந்தால் அவரும் சைக்கிளைச் சாத்திவிட்டு முற்றத்தில் நிற்பார். தேத்தண்ணி கேட்கமாட்டார்.

ஐப்பசியில் ஒருநாள் அழைப்பு வரவில்லை. இரஞ்சிதத்தின் தொலைபேசியில் காசு முடிந்துபோயிருந்தது. கௌசலா இங்கிருந்து எடுத்துப் பேசி, அவள் நேரத்தோடேயே வந்துவிட்டாள் என்று அறிந்து சொன்னாள். இருந்தும் நேசமலரின் அழுகை ஓயவில்லை. "ஒண்டும் நடக்கேல்லைத்தானே" என்று வீரகத்தி சொல்லிப் பார்த்தார்.

"ஒண்டும் நடக்கேல்லை எண்டு எனக்குத் தெரியும்" என்றாள் அவள். "அவள் வந்திட்டாள். அதுக்குத்தான் அழுறன்."

வீரகத்தி வாசல்படியில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒழுங்கையால் ஆடுகள் வீடு திரும்பிக்கொண்டிருந்தன.