ர வந்த இடத்தில் ற

சோழவந்தானில் என் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, மதுரையில் ஒரு பதிப்பகத்துக்குப் பள்ளிக்கூட கைடுகளும் வினாத்தாள்களும் டைப் செய்து கொடுக்கிறேன். போன வருடம் என் கம்ப்யூட்டர் ரொம்பவே மந்தமாகிவிட்டது. டவுன்ஹால் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் கடை வைத்திருக்கும் பாயிடம் போய்ச் சொன்னேன்.

"ரேம் பத்தலக்கா. பழசு கூட இன்னொண்ணு சேத்துப் போட்டா போதும்" என்று சீப்பு அளவில் ஒரு பச்சைத் தகட்டை எடுத்துக் கொடுத்தார். நாம் அடிக்கிற எழுத்தெல்லாம் ஃபைலில் சேரும் முன் வந்து உட்காருகிற இடம் அதுதான். அவர் காட்டிக் கொடுத்தபடி வீட்டில் நானே அழுத்திப் பொருத்தினேன்.

அன்று மத்தியானமே திரை நீலமாகி எல்லாம் நின்றுபோனது. சாயந்தரத்துக்குள் நாலு தடவை. புது ரேமைக் கழற்றினால் ஒழுங்காக ஓடியது, மாட்டினால் விழுந்தது. எனக்கு வேறென்ன தோன்றும்? பாய்க்குப் போன் போட்டு, "பழைய சரக்கத் தொடச்சுக் குடுத்துட்டீங்களா பாய்?" என்று கேட்டேன். கடைக்குப் போனதும் அவர் வேறொன்று மாற்றித் தந்தார். அதுவும் அப்படியே. இரண்டாவது போனில் நான் பேசியது கொஞ்சம் அதிகம். முழுதும் கேட்டுவிட்டு, "சிபியூவத் தூக்கிட்டு வாங்கக்கா, பாத்துருவோம்" என்றார்.

காலைப் பஸ்ஸில் சிபியூவைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போனேன். பாய் அதைத் திறந்து, பழைய ரேமைக் கழற்றிவிட்டுப் புதியதை மட்டும் மாட்டி ஒரு டெஸ்ட்டை ஓடவிட்டார்.

"ஒவ்வொரு எடத்துலயும் ஒண்ண எழுதி, எழுதினது அப்படியே இருக்கான்னு திருப்பிப் படிக்கும். மாறியிருந்தா செவப்பாக் காட்டும்."

ஒன்றரை மணி நேரம் ஓடியது. ஒரு சிவப்பும் இல்லை. "அப்ப மாட்டுற எடம் போயிருக்கும்" என்றேன். இடம் மாற்றி மாட்டினார். அதிலும் சுத்தம். பிறகு பழையதை மட்டும் போட்டு ஓடவிட்டபோது தொழுகைக்கு நேரமாகிவிட்டது. "பாத்துக்கங்க, வந்துர்றேன்" என்று போனார்.

கடையில் நான் மட்டும். முதலில் ஒரு சிவப்பு வரி வந்தது. அப்புறம் கடகடவென்று கீழே இறங்கிக்கொண்டே போனது. அவர் தொப்பியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே உள்ளே வந்து திரையைப் பார்த்தார்.

"பழசுதான்க்கா."

"எட்டு வருசமா ஓடுது பாய்!"

"ஒரே ஒரு எடந்தான் கெட்டுருக்கு. அங்க எதுவும் போயி உக்காராத வரைக்கும் தெரியாது. புதுசச் சேத்ததும் ரெண்டையும் கலந்து எடுக்குது, அந்த எடம் அடிக்கடி மாட்டுது."

"அப்ப இம்புட்டு நாளா என்ன பண்ணிட்டு இருந்துச்சு?"

அவர் சிவப்பு வரிகளை விரலால் தொட்டுப் பார்த்தார். "எல்லாத்துலயும் நம்பரோட கடைசிப் புள்ளிதான் மாறுது. ஒரு நம்பரு அடுத்த நம்பரா ஆயிருது. கம்ப்யூட்டருக்கு எழுத்தெல்லாம் நம்பருதானக்கா." போனில் தமிழ் எழுத்துகளின் பட்டியலை எடுத்து நீட்டினார். "இந்தா, ர-வுக்கு அடுத்து ற. ல-வுக்கு அடுத்து ள. ந-வுக்கு அடுத்து ன. இதுதான் மாறியிருக்கும்."

போனை வாங்கி அந்த வரியை இன்னொரு தடவை பார்த்தேன்.

அதற்கு இரண்டு வருடம் முன்பு என்னிடம் ஒருத்தி டைப் அடித்துக்கொண்டிருந்தாள். என்னைவிட இரண்டு வயது சின்னவள், தமிழ் படித்தவள், தினமும் வண்டியூரிலிருந்து பஸ் ஏறி வருவாள். அவள் அடித்த ஒரு கைடில் 'மரம் வளர்ப்போம்' என்ற கட்டுரை 'மறம் வளர்ப்போம்' என்று அச்சாகிவிட்டது. அடுத்ததில் அரச குலம் குளமானது. பதிப்பகத்துக்காரர் போனில் கத்தினார். நான் அவளிடம் கத்தினேன்.

"பிரிண்ட் எடுத்துப் பாத்தப்ப சரியா இருந்துச்சுக்கா. அப்புறம் சேவ் பண்ணி அனுப்புனதுதான்" என்றாள்.

"அப்ப கம்ப்யூட்டரா மாத்தி எழுதும்? வீட்டு நெனப்புலயே அடிச்சா இப்படித்தான்."

மறுநாள் அவள் வரவில்லை. அதன்பின் நான் அடித்ததிலும் அப்படி ஒன்றிரண்டு வந்தது. அசதி என்று நினைத்துக்கொண்டேன்.

பாயிடம் மன்னிப்புக் கேட்டேன். "டீயக் குடிங்கக்கா" என்றார். பழையதுக்குப் பதிலாக இன்னொரு புதியதைப் போடச் சொல்லி, சிபியூவை அவர் கடையிலேயே வைத்துவிட்டு வண்டியூர் பஸ் ஏறினேன். தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். இருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். "உன் மேல தப்பே இல்ல. நான் பேசினதுதான் தப்பு" என்றேன். ஜெராக்ஸ் தாள்களை அடுக்கிக்கொண்டே கேட்டவள், அடுக்கி முடித்ததும் சொன்னாள்.

"உங்ககிட்ட இருந்து நின்னதும் கண்ணு பாக்கப் போனேன்க்கா. கண்ணு நல்லாருக்குன்னு சொல்லிட்டாங்க. அதுதான் எனக்குப் பயமாப் போச்சு. கண்ணு நல்லாருந்தா, அப்ப புத்திதான போயிருக்கணும்? இங்க வந்தும் ரொம்ப நாளு, ஒரு அட்ரஸ் அடிச்சாக்கூட மூணு தடவ படிச்சுப் பாத்துத்தான் குடுப்பேன்."

திரும்ப வேலைக்கு வருகிறாயா என்று கேட்டேன். "இல்லக்கா, இது வீட்டுக்குப் பக்கம்" என்றவள், ஒரு தாளை மெஷினில் வைத்துக்கொண்டே, "அந்தப் பதிப்பகத்துக்காரர்ட்ட என் பேரச் சொல்லித்தான பேசுனீங்க. அவர்ட்டயும் சொல்லிருங்க" என்றாள்.

அங்கேயே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அவருக்கு நினைவே இல்லை. "எந்தக் கட்டுரைம்மா?" என்றார். முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. கடையில் நின்றிருந்த இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது, ஆனாலும் குரலைக் குறைக்கவில்லை. "அடடா, பாவம் அந்தம்மா" என்று அவர் சொன்னபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, நின்றிருந்தவர்களிடம், "எத்தன காப்பிண்ணே?" என்று கேட்டாள்.

இப்போது கைடுகளைப் பிழை பார்க்கும் வேலையைப் பதிப்பகத்துக்காரர் நேரடியாக அவளுக்கே கொடுக்கிறார். நான் அடிக்கும் பக்கங்களும் அவளிடம்தான் போகின்றன. சோழவந்தானுக்கு அவள் இன்னும் வரவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. போன வாரம் ஒரு வினாத்தாளில் பதினோரு திருத்தம் போட்டு அனுப்பியிருந்தாள். உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பதினொன்றும் நான் செய்த பிழைகள்தான்.